இரவல் வயிறு

“இன்னைக்கு எனக்கு என்ன நோவு டீச்சர்?”

“முழங்கால். படியேற முடியல, நின்னா குத்துது.”

“வலதா, எடதா?”

“அது உங்க இஷ்டம் ராக்கப்பண்ணே. ஆனா போன தடவை காதை மாத்துன மாதிரி பாதியில காலை மாத்திப்புடாதீங்க. அந்த டாக்டர் புள்ள பாவம், அழாத குறை.”

“நா திரும்பி ஒக்காந்தேன் டீச்சர். காதும் கூடவே திரும்பிருச்சு.”

ஹிஃப்ஸா சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். உள்ளே மேசைக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். ராக்கப்பன் மாப்புக் கம்பைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். அதுவரை சாதாரணமாக நடந்து வந்தவன், வாசற்படியைத் தாண்டியதும் இடது காலை இழுத்து இழுத்து நடந்தான்.

அமீரகத்து அல் ஐனில் அந்தக் கிளினிக் திறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. முதலாளிகளில் பாதிப் பேர் இத்தாலிக்காரர்கள். அங்கிருந்தே இரண்டு பேரை வரவழைத்திருந்தார்கள். கியாரா டாக்டர். மத்தேயோ பார்மசிஸ்ட். தங்கள் ஊரில் இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் இங்கிலீஷ் வாயில் வரவில்லை. லைசென்ஸ் கைக்கு வரும்வரை அவர்கள் நோயாளியைத் தொடக்கூடாது. அதற்குள் பேச்சைச் சரிசெய்துகொண்டு கிளினிக் வைக்கும் தேர்விலும் தேற வேண்டும். அதற்காகத்தான் கீழக்கரைக்காரியான ஹிஃப்ஸாவை டீச்சராகப் போட்டிருந்தார்கள்.

டீச்சர் கிடைத்துவிட்டாள். நோயாளிக்கு எங்கே போவது? நிஜ நோயாளியை வைத்துப் பழக முடியாது. ஒரு நாள் காலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த ராக்கப்பனை ஹிஃப்ஸா கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். உட்கார்ந்தவன்தான். கிளினிக் திறப்பதற்கு முன்னால் தினமும் ஒரு வியாதி. அவனுடைய இங்கிலீஷில் பாதி இந்தி, கால்வாசி அரபி. அதைப் பற்றி மேனேஜர் முகம் சுளித்தபோது ஹிஃப்ஸா விட்டுக்கொடுக்கவில்லை.

“சார், இங்க வர்ற பேஷண்ட் எல்லாம் இப்படித்தான் பேசுவாங்க. லண்டன் இங்கிலீஷ் பேசுற பேஷண்ட் வந்தா அது இவங்க அதிர்ஷ்டம்.”

அன்றைக்கும் கியாரா தன் புத்தகத்தில் உள்ள வரிசையிலேயே கேட்டாள். அவளுடைய இங்கிலீஷ், கஞ்சி போட்டு இஸ்திரி செய்த துணி போல இருக்கும்.

“வணக்கம். நான் டாக்டர் கியாரா. இன்று தங்களுக்கு என்ன தொந்தரவு?”

“லெஃப்ட் நீ பெயின் மேடம். ஸ்டெப் கோயிங், மஃபி.” மஃபி என்றால் அரபியில் ‘இல்லை’.

“வலி எங்கே இருக்கிறது என்று ஒரு விரலால் காட்ட முடியுமா? அது எப்போது தொடங்கியது? நான் தங்களைத் தொடலாமா?”

தொட்டபோது ராக்கப்பன், ஹிஃப்ஸா சொல்லிக்கொடுத்தபடி, “ஆ” என்றான். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டான். மத்தேயோ கைதட்டினான்.

“சினிமாவில் சேர்ந்துவிடுங்கள் மிஸ்டர் ராக்கப்பன்!”

வகுப்பில் நோயாளிக்கு ஒரு சட்டம் உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். கேட்காததைத் தானாகச் சொல்லக்கூடாது. சரியான கேள்வியைக் கேட்டு வாங்குவது டாக்டரின் பாடு. எங்கே தொட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஹிஃப்ஸா முன்கூட்டியே சொல்லிவிடுவாள். ராக்கப்பன் ஒருபோதும் சட்டம் மீறியதில்லை. இந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. வலி பொய்தான். ஆனாலும் இந்த நாட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் இவ்வளவு பொறுமையாக அவனை யாரும் எதுவும் கேட்டதில்லை.

*

சனாயா என்கிற தொழிற்பேட்டைப் பக்கம், ஒர்க்ஷாப்புகளுக்குப் பின்னால் அவனுடைய ரூம். அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தபோது பாண்டித்துரை கீழ்க் கட்டிலில் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தான்.

“என்ன மாப்ள, வேலைக்குப் போகலையா?”

“போயிட்டுப் பாதியில வந்துட்டேன் மச்சான். வகுறு வலிக்குது. தொப்புளச் சுத்தி ஆரம்பிச்சுச்சு. இப்ப வலது பக்கம் கீழ எறங்கிருச்சு. ரெண்டு தரம் வாந்தி.”

“என்னத்தத் தின்ன?”

“பச்சத் தண்ணிகூட எறங்கல, தின்னதக் கேக்குறான் பாரு.”

“ஆஸ்பத்திரிக்குப் போவம், எந்திரி.”

“போனா மொதக் கேள்வி என்ன கேப்பாங்க?”

“எங்க வலிக்குதுன்னு கேப்பாங்க.”

“அது ஒன்னைய அந்தக் கிளினிக்குல கேக்குறது மச்சான். என்னையக் கேட்டா, கார்டு எங்கன்னு கேப்பான்.”

பாண்டித்துரையிடம் அடையாளக் கார்டு இருந்தது, ஆனால் அது செத்துப்போன கார்டு. கொத்தனார் வேலை என்று சொல்லி அவனைக் கூட்டிவந்த கஃபீல், அதாவது அவனுடைய விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, பாலைவனத்து ஒட்டகப் பண்ணையில் கொண்டுபோய் விட்டான். பாண்டித்துரை கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு தண்ணி லாரியில் ஏறி வந்துவிட்டான். ஓடிப்போய்விட்டான் என்று கஃபீல் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து பாண்டித்துரை மெயின் ரோட்டில் நடப்பதில்லை. ஊர்க்காரன் என்று ராக்கப்பன்தான் தன் ரூமில் இடம் கொடுத்தான். பகலில் வில்லாக்களுக்குப் பெயிண்ட் அடிக்கப் போவான். பிடிபட்டால் நேராக ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், மறுபடி உள்ளே வர முடியாது. “மக காலேஜை முடிக்கட்டும், நானே போய் நின்னு என்னைப் பிடிங்கடான்னு சொல்றேன்” என்பான்.

“அப்ப என்னதான் செய்யச் சொல்ற?”

“கடையில ஒரு மாத்திர வாங்கியா. சரியாப் போயிரும்.”

“என்ன மாத்திரன்னு கேக்குறது? டாக்டரக் கேக்காம...” என்று இழுத்த ராக்கப்பன் பாதியில் நிறுத்தினான். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். “மாப்ள, நாளைக்கு எனக்கு என்ன நோவுன்னு டீச்சர் இன்னும் சொல்லல.”

“அதுக்கு?”

“ஒன் நோவ நா எடுத்துட்டுப் போறேன்.”

பாண்டித்துரை வலியோடு சிரித்தான். “எடுத்துட்டுப் போறது சரி. சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்துராத.”

ராக்கப்பன் பாடம் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டான். கியாரா கேட்கும் கேள்விகள் அவனுக்கு வரிசை பிசகாமல் மனப்பாடம். எப்போது ஆரம்பித்தது, குத்துகிறதா, எரிகிறதா, விட்டு விட்டு வருகிறதா, எதைச் செய்தால் அதிகமாகிறது, எப்படிப் படுத்தால் குறைகிறது. பாண்டித்துரை முனகிக்கொண்டே பதில் சொன்னான். கடைசியில் எரிச்சலாகி, “நீ டாக்டரா, போலீஸாடா?” என்றான்.

*

“டீச்சர், இன்னைக்கு நோவ நானே கொண்டாந்திருக்கேன்.”

“அடடே! என்ன நோவு?”

“வகுத்து வலி.”

“வயிறு அடுத்த வாரம்தானே எடுக்கணும்.” ஹிஃப்ஸா கொஞ்சம் யோசித்தாள். “சரி, பரவாயில்ல. எனக்கும் தெரியாத நோவுன்னா நல்லதுதான். தேர்வுல அப்படித்தான் வரும். உங்க பாட்டுக்கு நடத்துங்க.”

கியாரா கேட்டாள். ராக்கப்பன் சொன்னான். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்தது, வலது பக்கம் கீழே இறங்கியது, வாந்தி, பசி மஃபி. கியாராவின் கண்கள் அகன்றன. அவள் மத்தேயோவைப் பார்த்து இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னாள்.

“இங்கிலீஷ்!” என்று மேசையைத் தட்டினாள் ஹிஃப்ஸா.

“மன்னிக்கவும். இவர் மிக நல்ல நோயாளி என்று சொன்னேன். ஐயா, நான் தங்கள் வயிற்றைப் பரிசோதிக்கலாமா?”

ராக்கப்பன் பரிசோதனைக் கட்டிலில் மல்லாந்து படுத்துச் சட்டையைத் தூக்கிவிட்டான். கியாரா தன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அவன் வயிற்றின் வலது பக்கத்தில் கீழாக மெதுவாக அமுக்கினாள். அமுக்கிவிட்டுச் சட்டென்று கையை எடுத்தாள்.

“நான் அமுக்கும்போது வலிக்கிறதா? கையை எடுக்கும்போது வலிக்கிறதா?”

எங்கே தொட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் தன் வயிற்றையே கேட்டான். அது நன்றாகத்தான் இருந்தது. காலையில் தின்ன குப்பூஸ் ரொட்டிகூடச் செரித்துவிட்டிருந்தது.

“நோ பெயின் மேடம்.”

“உறுதியாகவா?”

“வல்லாஹ்! நோ பெயின்.”

கியாராவின் முகம் தெளிந்தது. கொஞ்சம் ஏமாற்றம் கூட. “நல்லது. தங்கள் வயிறு மிருதுவாக இருக்கிறது. பயப்பட வேண்டிய அவசியம் இல்லை. வலி அதிகமானால் உடனே திரும்பி வாருங்கள்.”

பிறகு மத்தேயோவின் முறை. அவன் காலி மருந்துப் பெட்டிகளைக் கடை மாதிரி அடுக்கி வைத்திருந்தான். ஒவ்வாமை உண்டா, வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று எல்லாம் முறையாக விசாரித்தான். வயிற்று அமிலத்துக்கான ஒரு மருந்தின் பெயரை அழகாக உச்சரித்து, “உணவுக்குப் பிறகு. நன்றாகக் குலுக்கவும்” என்று முடித்தான்.

“பாட்டிலையா, என்னையவா?” என்று ராக்கப்பன் கேட்டதற்கு மூன்று பேரும் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் அந்தப் பெயர் மறப்பதற்குள் ராக்கப்பன் தெருமுனை மருந்துக் கடைக்கு ஓடினான்.

*

“ஒண்ணுமில்ல மாப்ள! டாக்டரம்மாவே அமுக்கிப் பாத்துட்டாங்க. பயப்பட வேணாம்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க.”

“யார் வகுத்த அமுக்குனாங்க?”

“என் வகுத்தத்தான்.”

“ஒன் வகுத்த அமுக்குனா எனக்கு எப்படிடா வலிக்கும்?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் ராக்கப்பனுக்குத்தான் சிரிப்பு வந்தது. பாண்டித்துரையும் சிரித்தான். சிரித்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதடா, உசுரு போகுது” என்று முகத்தைச் சுளித்தான். கேள்வி அங்கேயே கிடந்தது. அதை எடுத்துப் பார்க்க இரண்டு பேருக்குமே மனமில்லை. ஒன்றுமில்லை என்று ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். அது யார் வயிற்றைப் பார்த்துச் சொன்னதாக இருந்தால் என்ன? கேட்பதற்கு நன்றாக இருந்தது. ராக்கப்பன் பாட்டிலை நன்றாகக் குலுக்கி மருந்தை ஊற்றிக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் அவன் கிளம்பும்போது பாண்டித்துரை போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுத்தான்.

“மச்சான், வலி போயிருச்சுடா.”

“போயிருச்சா!”

“விடியறப்ப சட்டுன்னு விட்டுருச்சு. சுவிட்ச அணைச்ச மாதிரி. ஒன் டாக்டரம்மா கைராசிக்காரிதான்.”

“பின்ன! ஏ.சி.ய ஏண்டா அணைச்சு வச்சிருக்க? கொதிக்குது ரூமு.”

“எனக்குக் குளுருது. ஒன் போர்வையையும் போட்டுட்டுப் போ.”

ராக்கப்பன் தன் போர்வையை எடுத்து அவன்மேல் போட்டான். போர்த்தும்போது பாண்டித்துரையின் தோள் அடுப்பங்கல் மாதிரி சுட்டது. வலி போனதே பெரிசு, சூடு தானாகப் போகும் என்று நினைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

*

“இன்னைக்குத் திரும்பி வர்ற பேஷண்ட் பாடம்” என்றாள் ஹிஃப்ஸா. “நேத்து வந்த அதே ஆளு, அதே நோவு. இன்னைக்கு எப்படி இருக்குன்னு சொல்லணும். சரியா ராக்கப்பண்ணே?”

அவனுக்குச் சொல்லவா வேண்டும்? சந்தோஷமாக உட்கார்ந்தான்.

“வணக்கம். மறுபடி சந்திப்பதில் மகிழ்ச்சி. தங்கள் வலி எப்படி இருக்கிறது?”

“பெயின் கல்லாஸ் மேடம்! பினிஷ்! தேங்க்யூ.”

“மிக நல்லது.” கியாரா புத்தகத்தைப் பார்த்துக்கொண்டாள். “வலி படிப்படியாகக் குறைந்ததா, திடீரென்று நின்றதா?”

“திடீர் மேடம். சுவிட்ச் ஆஃப்.”

புத்தகத்திலிருந்து கியாராவின் கண் மேலே வந்தது.

“எப்போது?”

“மார்னிங்.”

“காய்ச்சல் இருக்கிறதா?”

“சூடு. வெரி சூடு. ஃபயர்.”

“குளிர்?”

“டூ பிளாங்கெட் மேடம். ஏ.சி. ஆஃப். ஷேக்கிங்.” ராக்கப்பன் பற்களைத் தந்தியடித்துக் காட்டினான். மத்தேயோ கைதட்டக் கையைத் தூக்கியவன், கியாராவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டான்.

கியாரா எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். தொடலாமா என்று கேட்கவில்லை. ராக்கப்பனின் நெற்றியில் கையை வைத்தாள். பிறகு கழுத்தில். ஏ.சி. காற்றில் அவன் உடம்பு குளுகுளுவென்று இருந்தது.

“இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?” ஹிஃப்ஸாவின் பக்கம் திரும்பினாள். “நீங்களா?”

“இல்லையே. அவரே கொண்டுவந்த நோவு.”

“இது ஒருவர் கற்பனையில் வராது. இந்த வரிசையில் வராது.” கியாரா மண்டியிட்டு அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். “மிஸ்டர் ராக்கப்பன். இது யாருடைய வயிறு?”

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம். இப்போது கேட்டுவிட்டாள். சொன்னால் பாண்டித்துரை போச்சு. ஓடிவந்தவனை ரூமில் வைத்திருந்தவன் என்று தன் வேலையும் போகலாம். சிரித்து மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். சிரிப்பு வரவில்லை.

“டீச்சர்” என்றான் தமிழில். “வலி போயிருச்சுன்னா நல்லதுதான? அவங்க ஏன் இப்படிப் பாக்குறாங்க?”

ஹிஃப்ஸா அதைக் கியாராவிடம் இங்கிலீஷில் கேட்டாள். கியாரா இத்தாலிய மொழியில் மடமடவென்று ஏதோ சொன்னாள். இந்த முறை யாரும் மேசையைத் தட்டவில்லை. பிறகு அவள் நிறுத்தி, மூச்சு வாங்கி, இங்கிலீஷில் சொற்களைத் தேடினாள். கெட்ட செய்தியை எப்படி மென்மையாகச் சொல்வது என்று ஒரு முழுப் பாடமே ஹிஃப்ஸா நடத்தியிருந்தாள். அதில் ஒரு வரிகூட அவள் வாயில் வரவில்லை.

“குடல்வால் வெடித்துவிட்டது. அதனால்தான் வலி நின்றது. உள்ளே முழுக்க விஷம். அந்த மனிதர் இறந்துவிடுவார். இன்றைக்கு.”

ஹிஃப்ஸா அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் ராக்கப்பன் எழுந்துவிட்டான்.

“எங்கூட இருக்கவன் டீச்சர். பேரு பாண்டித்துரை. அவனுக்குக் கார்டு இல்ல. அதான்... நா எடுத்துட்டு வந்தேன். என் வகுறு நல்லாருக்குன்னு அவன்ட்டப் போயி ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். மருந்து ஊத்திக் குடுத்தேன்.”

“யா அல்லாஹ்” என்றாள் ஹிஃப்ஸா. “ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா டீச்சருக்கும் வம்புன்னு...”

“நான்தான் அமுக்கினேன்” என்றாள் கியாரா. யாரும் அவளைக் கேட்கவில்லை. “வலிக்கவில்லை என்று சொன்னார். நான் மகிழ்ந்தேன்.”

ஹிஃப்ஸா சாவியை எடுத்தாள். “என் வண்டி வெளியில நிக்குது. யல்லா, யல்லா!”

*

ரூம் கதவைத் திறந்ததும் புழுங்கிய வாடை வந்தது. பாண்டித்துரை போர்வைகளுக்குள் கண்ணை மூடிக் கிடந்தான். உதடு வெடித்திருந்தது. சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தவன், வெள்ளைக்காரியைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

“யார்றா இது?”

“டாக்டரம்மா. ஒன்னையப் பாக்க வந்திருக்காங்க.”

“கைராசிக்காரியா? நல்லாயிருச்சுன்னு சொல்லு. சும்மா கொஞ்சம் அசதி.”

கியாரா கட்டில் பக்கத்தில் குனிந்தாள். “தங்களைத் தொடலாமா?” என்று இங்கிலீஷில் கேட்டாள். ராக்கப்பன் தமிழில் கேட்டான். பாண்டித்துரை தலையசைத்தான். அவள் கையை வைத்தாள். அமுக்கவில்லை. பலகை மேல் வைத்த மாதிரி அந்தக் கை அப்படியே இருந்தது. முந்தின நாளே தொட்டிருக்க வேண்டிய வயிறு அது.

“ஆம்புலன்ஸ். இப்போதே” என்றாள்.

அந்த ஒரு சொல் பாண்டித்துரைக்குப் புரிந்தது.

“மச்சான், வேணாம். சொல்லிப்புட்டேன். அதுல ஏறுனா நேரா ஊருதான்.”

“ஊருக்குப் போனாப் போற. உசுரோட போ.”

“மக படிப்பு?”

“அப்பன் இல்லாத மக எங்கிட்டுடா படிக்கும்?”

“நீ அவங்ககிட்ட என்னயச் சொன்னியா? பேரு சொன்னியா?”

“சொன்னேன்.”

“காட்டிக் குடுத்துட்டல்ல.”

ராக்கப்பன் போனை எடுத்தான். ஹிஃப்ஸா, “நா பேசவா அண்ணே? உங்க நம்பர்ல இருந்து வேணாம்” என்று கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. மறுமுனையில் இந்தியில் கேட்டார்கள். எந்த இடம், என்ன ஆச்சு, பேசுவது யார். அவன் தன் பெயரைச் சொன்னான். ரூம் யாருடையது என்று கேட்டதற்கு, “என்னோடது பாய். நான்தான் அவன வச்சிருந்தேன்” என்றான். பாண்டித்துரை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வண்டி வரும்வரை கியாரா தரையில் உட்கார்ந்து அவன் நாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவள் அங்கே டாக்டராக எதுவும் செய்ய முடியாது. ஒரு ஊசிகூடப் போட முடியாது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்ததும் மாத்திரம் எழுந்து நின்று, எப்போது ஆரம்பித்தது, எங்கிருந்து எங்கே நகர்ந்தது, எப்போது நின்றது என்று சொன்னாள். புத்தகத்து வரிசை இல்லை. முன்னும் பின்னுமாக, இலக்கணமில்லாமல் சொன்னாள். அவர்களுக்குப் புரிந்தது.

*

அரசாங்க ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து கழுவினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் திறந்தும் பயனில்லை என்று ஆபரேஷன் செய்த டாக்டர் ஹிஃப்ஸாவிடம் சொன்னார். பாண்டித்துரை பல நாள் மூச்சுக் குழாயோடு கிடந்தான். ராக்கப்பன் டியூட்டி முடிந்ததும் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போவான். ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து பாண்டித்துரையின் விவரத்தை எழுதிக்கொண்டு, ராக்கப்பனையும் விசாரித்தார். அவன் எதையும் மறைக்கவில்லை. கூப்பிட்டு அனுப்பினால் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கிளினிக் மேனேஜர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ராக்கப்பன் தினமும் தரையைத் துடைத்தான். வகுப்பு நடக்கும் ரூமை மட்டும் கடைசியில், அவர்கள் போன பிறகு துடைத்தான். ஹிஃப்ஸா அவனை உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவன் போயிருக்க மாட்டான்.

வார்டுக்கு மாற்றிய பிறகும் பாண்டித்துரை அவனோடு பேசவில்லை. வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். தேவகனி என்று இடிந்தகரைப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி அந்த வார்டில் இருந்தாள். அவள்தான் இருவருக்கும் நடுவில் சண்டை போட்டாள்.

“ஏம்வே, தெனமும் அந்த மனுசன் வந்து நிக்காரு, ஒரு வார்த்த பேசுனா தையலு பிரிஞ்சிருமா?”

“ஊருக்கு அனுப்பப் போறாங்க சிஸ்டர். இவன் பண்ணுன வேலை.”

“அனுப்புததுக்கு ஆளு இருக்கியருல்லா. அதப் பாரும்.”

ஒரு வெள்ளிக்கிழமை கியாராவும் பார்க்க வந்தாள். வெள்ளைக் கோட்டு இல்லை. பார்வையாளர்களோடு வரிசையில் நின்று, பழப் பையோடு உள்ளே வந்தாள். ராக்கப்பன் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். அவள் கொஞ்ச நேரம் பாண்டித்துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

“இப்போது வலி இருக்கிறதா?”

ராக்கப்பன் தமிழில் திருப்பிச் சொன்னான். “வலி இருக்கான்னு கேக்குறாங்க.”

அன்றைக்குத்தான் பாண்டித்துரை முதல் தடவையாக அவனைப் பார்த்துப் பேசினான்.

“இல்லன்னு சொல்லு.”

ராக்கப்பன் சொல்லவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கியாரா இவனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“என்னடா, சொல்லேன்.”

“நா சொல்ல மாட்டேன் மாப்ள. ஒன்னத்தான கேக்குறாங்க. நீயே சொல்லு.”

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதுடா.”

“அவங்களுக்கும்தான் தெரியாது. சொல்லு.”

பாண்டித்துரை மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் ஓரத்தில் ஈரம் வழிந்து காதுக்குள் போயிற்று. அவன் அதைத் துடைக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, கட்டுப் போட்டிருந்த இடத்தில் மெதுவாக வைத்தான்.

“பெயின்” என்றான் கியாராவிடம். “ரொம்ப.”

அவள் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “எங்கே?” என்று கேட்டாள்.

ராக்கப்பன் அவர்களைப் பேச விட்டுவிட்டு, தேவகனியைக் கூப்பிட வார்டின் மறுகோடிக்கு நடந்தான்.